ஏழு ஃபைலுக்கு ஒரே கோட்: பொய்லர்பிளேட்டை என்ன செய்வது?

கேட்டவர் இலங்கையின் தலவாக்கலையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஜாவா, ஸ்பிரிங் பூட். தோட்டங்களுக்கான சம்பள மென்பொருள். டேட்டாபேஸில் புதிதாக ஒரு டேபிள் வந்தால் என்டிட்டி (டேபிளின் ஜாவா வடிவம்), டீடிஓ (தகவலை வெளியே கொண்டுபோகும் பொதி), மேப்பர் (முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது), ரிபோசிட்டரி (டேபிளோடு பேசுவது), சர்விஸ் (கணக்குப் பார்ப்பது), கொன்ட்ரோலர் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்குவது), டெஸ்ட் என்று ஏழு ஃபைல் எழுத வேண்டியிருக்கிறதாம். பழைய ஏழையும் கொப்பி பண்ணிப் பெயரை மாற்றிப் போடுகிறார். இப்படி ஏறத்தாழ மாறாமல் திரும்பத் திரும்ப எழுதுகிற கோடைத்தான் பொய்லர்பிளேட் என்பார்கள். "நான் எஞ்சினியரா டைப்பிஸ்டா என்றே சந்தேகமாக இருக்கிறது அண்ணா" என்கிறார். எல்லாவற்றையும் ஒரு ஜெனரிக் பேஸ் கிளாஸுக்குள் (எல்லா டேபிளுக்கும் பொதுவான ஒரே தாய் கிளாஸ்) போட்டுவிடலாமா, சீனியர் சொல்கிற மாதிரி, வழக்கமான கோடைத் தானாகச் சேர்க்கும் லொம்பொக் என்ற கருவி போதுமா, இல்லை ஏஐயிடம் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்கிறார்.

டைப்பிஸ்ட் வேலையை இளக்காரமாக நினைக்க வேண்டாம், தங்கச்சி. நான் அதில்தான் தொடங்கினேன். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில் ஹட்டனில் மாமாவின் கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், அதோடு மரண அறிவித்தல். அறிவித்தலுக்கு ஒரு அச்சு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன தோட்டத்தை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார், அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும் என்று போய், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு என்று முடியும். புதிதாக ஒருவர் வந்து சொன்னால் நேற்றைய ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றி பிரிண்ட் கொடுப்பேன். ஒரு நாள் எல்லாப் பெயரையும் மாற்றினேன். தகனம் நடக்கும் இடத்தை மட்டும் மாற்ற மறந்தேன். நாற்பது கொப்பி ஒட்டியான பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பொய்லர்பிளேட் என்ற சொல்லும் அச்சுக்கூடத்தின் வழியாக வந்ததுதான். கொதிகலனுக்கு அடிக்கிற இரும்புத் தகடுதான் அதன் நேரடிப் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளுக்குச் செய்தியும் கட்டுரையும் வார்த்த உலோகத் தகடாகவே வந்து சேரும். வாங்கி அப்படியே அச்சில் ஏற்றுவார்கள். மாற்ற முடியாத அந்தத் தகடுகளைக் கேலியாக அப்படிச் சொன்னார்கள். பிறகு ஒப்பந்தப் பத்திரங்களில் மாறாமல் வருகிற வாசகங்களுக்கு அந்தப் பெயர் போனது, அங்கிருந்து நம்மிடம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்று வழிகளில் எதை எடுப்பதற்கு முன்னும் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு ஃபைலிலும் திரும்பத் திரும்ப வருவது வடிவமா, தகவலா? "அன்னார் காலஞ்சென்ற" என்பது வடிவம். அது ஆயிரம் அறிவித்தலில் வந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது தகவல். ஒரே அறிவித்தலில் அது மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் வந்தால், என்றாவது ஒரு நாள் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருக்கும். கோடிலும் இப்படித்தான். கண்ணை உறுத்துவது வடிவம். ஆளைக் கவிழ்ப்பது தகவல். நாம் பெரும்பாலும் உறுத்துகிறதைச் சரி செய்துவிட்டுக் கவிழ்க்கிறதை விட்டுவிடுகிறோம்.

உங்கள் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தொழில் தருநரிடமிருந்து 12. ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநரிடமிருந்து 3. ஈபிஎஃப் சட்டம் 1958-இல் வந்தது, ஈடிஎஃப் 1980-இல். இந்த மூன்று எண்கள் உங்கள் கோடில் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் வேலை செய்த ஒரு கம்பெனியின் தோட்டச் சம்பள மென்பொருளில் சர்விஸ் கிளாஸில் ஒன்று, மாத அறிக்கையின் எஸ்கியூஎல்லுக்குள் ஒன்று, சம்பளத் துண்டு பிடிஎஃப் டெம்பிளேட்டில் ஒன்று, மொபைல் அப்பில் ஒன்று என்று நான்கு இடத்தில் இருந்தன. நாட்சம்பளமும் அப்படித்தான். 2021-இல் அது 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில் அடிப்படை 1,350 ஆனபோது மூன்று இடத்தில் மாற்றினோம், நான்காவதை யாரும் நினைக்கவில்லை. அறிக்கை ஒன்று சொன்னது, துண்டு இன்னொன்று சொன்னது.

இந்த மாதிரித் தகவலை ஓர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் வெறும் கொன்ஸ்டன்டாக, அதாவது கோடுக்குள் பெயர் வைத்த ஒரே மாறா எண்ணாக, போட்டுவிட்டு ஓயாதீர்கள். சம்பளத்தில் பழைய மாதத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டிய நாள் வரும்; நிலுவை என்று ஒன்று நம் தோட்டங்களில் எப்போதும் உண்டு. அன்றைக்கு 1,350 என்ற கொன்ஸ்டன்ட் 2023-ஆம் ஆண்டுக் கணக்கையும் கெடுத்துவிடும். வீதத்துக்கு ஒரு டேபிள் போட்டு, "எந்தத் தேதி முதல்" என்று ஒரு கொலம் வையுங்கள். நாளைக்கு வீதம் மாறினால் ஒரு வரி சேர்த்தால் போதும், கோடைத் தொட வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான பைத்தியக்காரத்தனமும் உண்டு. ஒரு முறை ஒரு கோடில் எட்டு என்ற எண்ணுக்கே ஒரு கொன்ஸ்டன்ட் இருந்ததைப் பார்த்தேன். வேலை நேரம் எட்டு மணி, ஈபிஎஃப் எட்டு சதவீதம், இரண்டும் ஒன்றுதானே என்று ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தார்கள். எண் ஒன்றாக இருக்கலாம், விஷயம் வேறு. இது மாறினால் அதுவும் மாறியே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அவை ஒட்டிப் பிறந்தவை அல்ல, சும்மா ஜாடை ஒத்தவை.

இனி உங்கள் ஏழு ஃபைல். அதில் பெரும்பகுதி வடிவம்தான். வடிவத்தை ஒழிக்க மூன்று வழி உண்டு: மொழியே பார்த்துக்கொள்வது, ஒரு கருவி எழுதித் தருவது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவது. மூன்றாவது வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

டீடிஓவுக்கு ஜாவாவிலேயே ரெக்கோர்ட் இருக்கிறது. 2020-இல் ஜாவா 14-இல் முன்னோட்டமாக வந்து, 2021-இல் ஜாவா 16-இல் நிரந்தரமானது. புலங்களின் பெயரை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் எழுதினால் கொன்ஸ்ட்ரக்டர், ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட், டுஸ்ட்ரிங் எல்லாம் தானாக வந்துவிடும். கோட்லினில் டேட்டா கிளாஸ் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பைத்தனில் டேட்டாகிளாஸ் 2018-இல் 3.7 பதிப்போடு வந்தது. எல்லா மொழியும் மெதுவாக இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஜாவாவில் முதல் புரோகிராம் எழுதுகிற பிள்ளைக்குப் பப்ளிக் ஸ்டாட்டிக் வொய்ட் மெயின் என்று மந்திரம் சொல்லிக் கொடுத்தோமே, அதுகூட 2025-இல் வந்த ஜாவா 25-இல் தேவையில்லாமல் போய்விட்டது. அதனால் எதையாவது பெரிதாகக் கட்டுவதற்கு முன் உங்கள் ஜாவா பதிப்பைப் பாருங்கள். எட்டிலேயே நிற்கிறது என்றால் பொய்லர்பிளேட்டில் பாதி அந்தப் பதிப்பின் கோளாறு.

லொம்பொக் பற்றி உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. டீடிஓவில் நன்றாக வேலை செய்யும். என்டிட்டியில்தான் வம்பு. லொம்பொக்கின் டேட்டா என்ற அனோட்டேஷனை (கிளாஸின் தலையில் ஒட்டும் குறிப்பு) ஜேபிஏ என்டிட்டி மேல் போடுகிறோம்; ஜேபிஏ என்பது ஜாவா கிளாஸை டேபிளோடு இணைப்பது. டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) என்ற கிளாஸில் தொழிலாளர் பட்டியல் இருக்கிறது, தொழிலாளி கிளாஸில் அவருடைய டிவிஷன் இருக்கிறது. ஒரு லொக் வரியில் டிவிஷனை அச்சிடச் சொன்னால் அதன் டுஸ்ட்ரிங் தொழிலாளியைக் கூப்பிடும், தொழிலாளியுடையது மறுபடி டிவிஷனைக் கூப்பிடும், ஸ்டேக் நிரம்பி விழும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அது பரவாயில்லை, சத்தம் போட்டு விழுகிற பிழை. சத்தமில்லாதது ஹேஷ்கோட், ஹேஷ்செட் போன்ற தொகுப்பில் ஒருவரைத் தேடிப் பிடிக்க உதவும் எண். அது ஐடியையும் சேர்த்தே கணக்கிடும். டேட்டாபேஸில் சேமிக்கிறவரை ஐடி வெற்று, சேமித்ததும் எண் வந்துவிடும், ஹேஷ் மாறிவிடும். சேமிப்பதற்கு முன் ஹேஷ்செட்டில் போட்டு வைத்த ஆளைப் பிறகு தேடினால் செட் "இல்லை" என்று சொல்லும். உள்ளே உட்கார்ந்திருப்பார், ஆனால் கிடைக்கமாட்டார். என்டிட்டிக்குக் கெட்டர் செட்டர் மட்டும் லொம்பொக்கில் எடுங்கள், ஈக்குவல்ஸையும் ஹேஷ்கோடையும் கையால் எழுதுங்கள். என்டிட்டியை ரெக்கோர்டாக்கலாமே என்று தோன்றும். ஜேபிஏ விடாது, அதற்கு வெற்றுக் கொன்ஸ்ட்ரக்டர் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லொம்பொக் ஜாவா கம்பைலரின் உள்வீட்டுக்குள் கை விட்டு வேலை செய்கிறது. ஜாவா 16 அந்தக் கதவைச் சாத்தியபோது பழைய லொம்பொக் பதிப்புகள் உடைந்தன, புதிய பதிப்புக்கு மாற வேண்டி வந்தது. ஒதுக்கும் அளவுக்கு இது பெரிய காரணம் அல்ல. ஆனால் இலவசமும் அல்ல.

மேப்பருக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் நான் அடி வாங்கிய இடம்.

2024 கடைசியில், சம்பளம் மாறிய கையோடு, மேற்படி மென்பொருளில் ஒரு மேப்பர் எழுதினேன். என்டிட்டியிலிருந்து எடுத்து டீடிஓவில் வைக்கிற முப்பத்தைந்து வரி. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி: செட் இன்னது, கெட் இன்னது. ஈபிஎஃப் தொழில் தருநர் பங்கு என்ற வரியைக் கொப்பி பண்ணி, கீழே ஒட்டி, இடது பக்கத்தை ஈடிஎஃப் என்று மாற்றினேன். அந்த நேரம் போன் வந்தது. திரும்பி வந்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வலது பக்கம் ஈபிஎஃப்பாகவே நின்றது. இரண்டும் பிக்டெசிமல் என்ற ஒரே வகை எண், கம்பைலருக்கு என்ன தெரியும்? டெஸ்டும் இருந்தது. ஆனால் டெஸ்டையும் நான் மேலே உள்ள வரியைக் கொப்பி பண்ணித்தான் எழுதியிருந்தேன், அதிலும் அதே தவறு. பச்சை விளக்கு எரிந்தது.

கண்டுபிடித்தவர் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா. ஓய்வு பெறுகிற வயது. பரீட்சார்த்தமாக ஓடவிட்ட மாதத்தில் நம் பிரிண்டையும் தன் செக்ரோலையும் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு) அடிமட்டம் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு பெயரில் நிறுத்தினார். இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுந்த தொழிலாளி. 1,350 படி 27,000 ரூபாய். ஈபிஎஃப் தொழில் தருநர் பங்கு 3,240. ஈடிஎஃப்பும் 3,240. "தம்பி, ஈடிஎஃப் எப்பவும் இதில் கால்வாசிதானே?" என்றார். ஆமாம், 810 வர வேண்டும். பன்னிரண்டுக்கு மூன்று கால்வாசி. என்னுடைய எந்த டெஸ்டும் கேட்காத கேள்வி. அன்று மாலையே அதை டெஸ்டாக எழுதினேன்: யாருடைய சம்பளமாக இருந்தாலும் ஈடிஎஃப்பை நான்கால் பெருக்கினால் தொழில் தருநரின் ஈபிஎஃப் வர வேண்டும், சதக் கணக்கில் ஓரிரண்டு முன்பின் இருக்கலாம். கொப்பி அடிக்காத டெஸ்ட் அது ஒன்றுதான்.

இது எனக்கு மட்டும் நடக்கிற விபத்து அல்ல. பிவிஎஸ்-ஸ்டூடியோ என்ற கோட் சோதிக்கும் கருவியைச் செய்கிறவர்கள் 2014-இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: ஒரே மாதிரி வரிகளை ஒட்டி ஒட்டி எழுதும்போது தவறு பெரும்பாலும் அந்தத் தொகுதியின் கடைசி வரியில்தான் வருகிறது. மனசு அதற்குள் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறது. ரிவியூ செய்கிறவர் கண்ணும் கடைசி வரிக்குள் அயர்ந்துவிடும்.

மேப்பரை அதனால் கையால் எழுதாதீர்கள். அதற்கு மேப்ஸ்ட்ரக்ட் என்ற கருவி இருக்கிறது. ஓர் இன்டர்ஃபேஸ் மட்டும் நீங்கள் எழுதினால், கம்பைல் ஆகும்போது பெயரைப் பார்த்துப் பொருத்தி அந்த முப்பத்தைந்து வரியையும் அதுவே எழுதும். ஈடிஎஃப்புக்கு ஈபிஎஃப்பை வைக்கிற மறதி அதற்கு இல்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: டீடிஓவில் பொருந்தாமல் விடுபட்ட புலத்தைக் கண்டால் அது இயல்பாக எச்சரிக்கை மட்டும்தான் செய்யும். அந்த அமைப்பை எரர் என்று மாற்றிவிடுங்கள். டீடிஓவில் புதிதாக ஒரு புலம் சேர்த்து என்டிட்டியை மறந்தால் பில்டே நிற்க வேண்டும். ரெக்கோர்டைக் கையால் உருவாக்குகிற இடத்தில் இந்தக் காவல் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு பிக்டெசிமல் இருந்தால் இடம் மாற்றிக் கொடுத்தாலும் வாயைத் திறக்காது.

கருவி எழுதிய கோடை யாரும் கையால் திருத்தக் கூடாது. அடுத்த பில்டில் அழிந்துவிடும், அழிந்தது யாருக்கும் தெரியாது. கோ மொழிக்காரர்கள் அப்படிப்பட்ட ஃபைலின் தலையிலேயே "இது கருவி எழுதியது, தொடாதே" என்று ஒரு வரி வைப்பதை வழக்கமாக்கியிருக்கிறார்கள். நல்ல வழக்கம்.

ரிபோசிட்டரிக்கு ஸ்பிரிங் டேட்டாவில் வெறும் இன்டர்ஃபேஸ் போதும். ஏழில் அது ஏற்கெனவே ஒன்றரை வரிதான்.

இப்போது உங்கள் ஜெனரிக் பேஸ் கிளாஸ். அந்த ஆசை எனக்கும் வந்தது, செய்தும் பார்த்தேன். எல்லா டேபிளுக்கும் சேர்த்தல், திருத்தல், நீக்கல், பட்டியல், இவ்வளவுதானே, ஒரே கிளாஸில் அடக்கிவிட்டால் ஒரு டேபிளுக்கு மூன்று வரி போதும் என்று. டிவிஷனுக்கு அருமையாக ஓடியது. தொழிலாளி வந்தார். அவர் தோட்டத்தை விட்டுப் போனாலும் அவருடைய ஈபிஎஃப் கணக்கு இருக்கிறது, அழிக்க முடியாது. அதற்கு ஒரு பூலியன், அதாவது ட்ரூவா ஃபால்ஸா என்று ஒரு குறி. செக்ரோல் பதிவு வந்தது. மாதக் கணக்கு மூடிய பிறகு அதைத் திருத்தக் கூடாது, இன்னொரு பூலியன். கொழுந்து நிறுவை வந்தது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, ஒரே தேதிக்கு மூன்று பதிவு வரலாம், இன்னொன்று. ஒரு வருடத்தில் அந்தக் கொன்ஸ்ட்ரக்டரில் ஏழு ட்ரூ ஃபால்ஸ் வரிசையாக நின்றன, நான்காவது எதற்கு என்று எழுதிய எனக்கே தெரியாது. அதை அவிழ்த்துத் திரும்பத் தனித்தனியாக எழுத இரண்டு வாரம் பிடித்தது. கொப்பி பண்ணிய கோடை அவிழ்ப்பது அலுப்பு, அவ்வளவுதான். தப்பாக ஒன்று சேர்த்ததை அவிழ்க்கும்போது எதைத் தொட்டாலும் வேறெங்கோ ஆடும்.

அதற்காகப் பொதுவாக எதையும் எடுக்கவே கூடாது என்று இல்லை. மூன்றாவது முறை வரும்வரை பொறுங்கள் என்பார்கள், நானும் அதையே சொல்வேன். எடுக்கும்போது தாய் கிளாஸாக எடுக்காமல் சின்னச் சின்ன ஃபங்ஷனாக எடுங்கள். பக்கம் பிரிப்பது ஒன்று, பிழையை எச்டிடிபி பதிலாக மாற்றுவது ஒன்று. வேண்டியவர் கூப்பிடுவார், வேண்டாதவர் விடுவார். கொன்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் பிழையைப் பிடிக்க ட்ரை கேட்ச் எழுதிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங்கில் கொன்ட்ரோலர் அட்வைஸ் என்று ஒரே இடத்தில் வைக்கலாம். அதை இன்றைக்கே செய்யுங்கள்.

விட்டுவிடுவது என்ற மூன்றாவது வழி பற்றிச் சொல்கிறேன் என்றேன். கோ மொழியில் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் "பிழை இருந்தால் திருப்பி அனுப்பு" என்று மூன்று வரி வரும். உலகம் முழுக்க அதைப் பற்றிப் புலம்பல். மொழிக்காரர்கள் பல வருடம் பல யோசனை வைத்துப் பார்த்துவிட்டு, 2025 ஜூனில் கண்ணுக்கெட்டிய காலத்துக்கு இதற்காக மொழியின் இலக்கணத்தை மாற்றப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பிழை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மூன்று வரியை எடிட்டரே போட்டுவிடுகிறது. டெஸ்ட் ஃபைலிலும் நான் திரும்ப எழுதுவதைப் பெரிதாக எடுப்பதில்லை. டெஸ்ட் உடைந்த அன்று மேலிருந்து கீழே ஒரே மூச்சில் வாசிக்க முடிய வேண்டும். எண்கள் மட்டும் மாறுகிற டெஸ்ட் என்றால் ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் அளவுருக்களைப் பட்டியலாகக் கொடுக்கலாம், அவ்வளவு போதும்.

ஏஐ. பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். கோட் எழுதித் தரும் ஏஐயான கோபைலட் 2021-இல் வந்ததிலிருந்து இந்த ஏழு ஃபைல் வேலைக்கு அது தோதானதுதான். ஆனால் அது பக்கத்து ஃபைலைப் பார்த்து எழுதுகிறது. பக்கத்து ஃபைலில் என் ஈடிஎஃப் வரி இருந்தால் அதையும் அழகாகப் பின்பற்றும். எழுதுகிற நேரம் குறைகிறது, வாசிக்கிற நேரம் குறையவில்லை. நாற்பது ஃபைலை ஐந்து நிமிடத்தில் தந்தால் நாற்பதையும் யார் வாசிப்பது? நான் செய்வது வேறு. நாற்பது ஃபைலை எழுதித் தரச் சொல்லாமல், டேபிள் பெயரைக் கொடுத்தால் ஏழு ஃபைலையும் உருவாக்குகிற ஒரு ஸ்கிரிப்டும் டெம்பிளேட்டும் எழுதித் தரச் சொல்வேன். அதை ஒரு தடவை நன்றாக வாசித்தால் போதும். பிறகு இணைப்பு போன மழை நாளிலும் அது ஓடும், எங்கள் பக்கம் அப்படிப்பட்ட நாட்கள் உங்களுக்குத் தெரியாததா. அப்புறம், தொழிலாளரின் அடையாள அட்டை எண்ணோடு உண்மையான செக்ரோலை உதாரணத்துக்காக ஏஐக்குள் ஒட்டாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவைப் பற்றியது. சட்டத்தை விடுங்கள், அது நம் சனத்தின் சம்பளக் கணக்கு.

வேலைக்குப் போய் எட்டு மாதத்தில் இதை எல்லாம் மாற்று என்று யாரும் உங்களிடம் கொடுக்கமாட்டார்கள், தெரியும். சீனியரிடம் கட்டமைப்பு, தத்துவம் என்று பேசப் போக வேண்டாம். முதலில் 0.12, 0.03, 1350 என்று மூன்று தேடல் போட்டு, எத்தனை ஃபைலில் வருகிறது என்று எண்ணி, பட்டியலோடு போங்கள். எஸ்கியூஎல் ஃபைல்களையும் அறிக்கை டெம்பிளேட்டுகளையும் சேர்த்துத் தேடுங்கள், சிலர் 12/100 என்றும் எழுதியிருப்பார்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.